ஒரே கணினியில் பல பணிகள்: எப்படி?

வீட்டுக் கணினி சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சிக்கு வாங்கித் தரும் மென்பொருள், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான பாயிங்க். நான்கு கோர் கொண்ட கணினியில் வழக்கமாக நான்கு பணிகள் ஒரே நேரத்தில் ஓடும், கோருக்கு ஒன்று. காத்திருக்கும் பணிகளோ அதைவிட அதிகம். எதற்கு எப்போது இடம்?

பழவேற்காடு ஏரி மீனவர்கள் இதே சிக்கலைப் பாடு முறையால் சமாளித்தவர்கள். இறால் நன்றாகப் படும் இடங்கள் சில, வலைகள் பல. ஆகவே பாடு உரிமை உள்ளவர்கள் முறைவைத்து வலை இடுகிறார்கள். பாயிங்க் வைப்பதும் முறைதான். இரண்டு ஆய்வுத் திட்டங்களுக்கு 100, 300 எனப் பங்கு குறித்தால், நாளடைவில் முன்னதற்குக் கால்வாசி நேரம், பின்னதற்கு முக்கால்வாசி. அமைப்பை மாற்றாவிட்டால் 60 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் கைமாறலாம்.

ஆனால் பாயிங்கில், முடிக்க வேண்டிய கெடு நெருங்கிய பணி முறையை மீறி முந்திக்கொள்ளலாம். ஒதுங்கும் பணி, அதுவரை போட்ட கணக்கை அவ்வப்போது வட்டில் எழுதிவைத்திருக்கும். மறுபடி இடம் கிடைத்ததும் அங்கிருந்தே தொடரும். எல்லாம் மிகத் தாழ்ந்த முன்னுரிமையில் ஓடுவதால், வீட்டார் படம் பார்க்க உட்கார்ந்தால் செயலி முதலில் அவர்களுக்கே. நினைவகத்தை மட்டும் பணிகள் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. அது குறைவான கணினியில் ஓரிரு கோரைச் சும்மா விடுவதே நல்லது.