தோட்டத்துப் பேச்சும் காணொளித் தொகுப்பும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய முதியோரின் பேச்சைக் காணொளியாகப் பதியும் மாணவர்க்குத் தொகுப்புமுறையைச் சுருங்கக் கூறுவோம்.

முதற்கண், மூலப்பதிவை இரு வன்தட்டுகளில் படியெடுத்து வைத்தல் வேண்டும். அடுத்து, முழுவதையும் பார்த்து நேரக்குறிப்பு எழுதுக. பின்னர், தேர்ந்த துண்டுகளைக் காலக்கோட்டில் வரிசைப்படுத்தி, ஓரம் வெட்டி, ஒலியைச் சீராக்கி, துணைவரி சேர்த்து, ஒரே கோப்பாக ஆக்குக.

தொகுப்பு மென்பொருள் மூலக்கோப்பை வெட்டுவதில்லை. எவ்விடம் தொடங்கி எவ்விடம் முடிப்பது என்னும் குறிப்பையே சேமிக்கிறது. மூலம் அழிந்தால் அக்குறிப்புப் பயனற்றதாகும்.

காலை ஆட்கணக்கெடுப்பைப் ‘பெரட்டு’ என்றும், பால் வடியும் கிண்ணத்தை ‘மங்கு’ என்றும் அவர்கள் சொல்வர். துணைவரியில் அவற்றைத் திருத்துதல் கூடாது. பேச்சிடையே வரும் தயக்கத்தைத் தொகுப்பில் நாம் வெட்டினாலும், மூலத்தில் அது நிற்கட்டும். நாளைய ஆய்வாளர்க்கு அதுவே சான்று.