ஓய்வெடுத்தும் ஆறாத களைப்பு

சென்ற வருடம் இரண்டாம் தவணையில் ஒருநாள், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தான் எழுதிய கட்டுரையைத் திருத்தித் தருமாறு என்னிடம் நீட்டினான். முதற் பக்கத்தையேனும் முழுமையாக வாசியாது, "பரவாயில்லை, போ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் சென்ற பின்னரே, அவன் பெயர்கூட என் நினைவுக்கு வரவில்லை என்பதை உணர்ந்தேன். இருபது வருடங்களாகக் கற்பிக்கிறேன். மாணவர் பெயரை மறப்பவன் அல்லன்.

கல்லூரி விட்டதும் இரண்டு தனியார் வகுப்புகள்; இரவிலே விடைத்தாள்கள். வெறுங் களைப்பென்றே எண்ணியிருந்தேன். ஆனால், தவணை விடுமுறையிலே பத்து நாள் உண்டு உறங்கிய பின்னும், பாடசாலை திறக்கும் நாளை நினைக்க நெஞ்சு கனத்தது.

இந்நிலைக்கு மேனாட்டார் இட்ட பெயரின் நேர்ப்பொருள் 'எரிந்து தீர்தல்' என்பதாம். பணிச்சோர்வு என நாம் கூறலாம். எனினும் சோர்வு என்ற சொல் இதற்குப் போதாது. 1974ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகர உளவியலாளர் ஹேர்பேர்ட் புரொய்டன்பேர்கர் இதுபற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். இலவச வைத்திய நிலையமொன்றிலே தொண்டு புரிந்தோரை அவர் கவனித்தார். தாமும் பகலெல்லாம் தம் தொழிலைச் செய்து, இரவிலே அங்கு சென்று உழைத்தார். எரிந்து தீர்ந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஆர்வத்தோடு தம்மை ஒப்புக்கொடுத்தவர்களே என்பதை அவர் கண்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிலே இதனை நோயென்று கொள்ளாது, தொழில் சார்ந்ததொரு நிலையென வகுத்தது. சக்தி வற்றிப்போதல், பணியிலிருந்து மனம் விலகி வெறுப்புறுதல், செயற்றிறன் குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இவற்றுள் இரண்டாவதே கொடியது என்பேன். களைத்தவனுக்குப் பிள்ளைகள் பிள்ளைகளாகவே தோன்றுவர். எரிந்து தீர்ந்தவனுக்கு அவர்கள் வெறும் விடைத்தாள்களாகிவிடுவர். வீட்டுப் பணியை அந்நிறுவனம் இவ்வரையறையிற் சேர்க்கவில்லை. படுக்கையிற் கிடக்கும் முதியோரை வருடக்கணக்காகப் பராமரிக்கும் நம் பெண்களைக் கேட்டால், கதை வேறாயிருக்கும்.

இத்துறையிலே நெடுங்காலம் ஆராய்ந்த கிறிஸ்ரினா மஸ்லாக், மைக்கேல் லைற்றர் ஆகிய இருவரும் வேலைப்பளுவை மட்டும் காரணமாகக் காட்டவில்லை. தன் வேலையைத் தானே ஒழுங்குசெய்யும் உரிமை, உழைப்புக்குரிய மதிப்பு, உடன் பணிபுரிவோர் உறவு, நீதியான நடத்துகை ஆகியனவும் அவர்கள் கணக்கில் உண்டு. ஆகவே, "அதிகாலையில் நடவுங்கள், தியானஞ் செய்யுங்கள்" என்று தனிமனிதனுக்கு மட்டும் புத்தி கூறுவது அரை வைத்தியமே. பணியில் மட்டுமன்றி எதிலுமே விருப்பம் அற்று, வாழ்வே வேண்டாமெனத் தோன்றுமாயின், அது மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். நாட்கடத்தாது வைத்தியரை நாடவேண்டும்.

நான் செய்தது சிறிதே. மனைவியோடு இருந்து கணக்குப் பார்த்து, தனியார் வகுப்புகளுள் ஒன்றை விட்டேன். வீட்டுக் கூரையைத் திருத்தும் எண்ணம் தள்ளிப்போயிற்று. இவ்வளவேனும் விட இயலாத குடும்பங்கள் பலவென்பதை அறிவேன். பாட அட்டவணை வகுக்கும்போது எங்களையும் கேட்குமாறு அதிபரிடம் சொன்னோம், சம்மதித்தார். விடைத்தாள்களை இப்போது பின்னேரங்களில் ஆசிரியர் அறையிலே மூவர் சேர்ந்திருந்து திருத்துகிறோம். வேடிக்கையான விடைகளை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவதும் உண்டு.

அந்த மாணவனை அழைத்துக் கட்டுரையைத் திரும்ப வாங்கினேன். இரண்டாம் பக்கத்திலே அவன் எழுதியிருந்த உவமை ஒன்று நன்றாகவே இருந்தது.