கன்னத்தில் கை வைத்த கிறிஸ்து



'கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே' என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். பிள்ளைகள் அப்படி உட்கார்ந்தால் உடனே கையைத் தட்டிவிடுவார்கள். ஆனால் லித்துவேனியா நாட்டு உழவர்கள் நம் ஆண்டவரையே அந்தக் கோலத்தில் மரத்தில் செதுக்கி வணங்கி வந்திருக்கிறார்கள்.

தலையில் முள்முடி, குனிந்த முகம், கன்னத்தைத் தாங்கிய ஒரு கை, முழங்கால் மேல் மறு கை. இப்படி உட்கார்ந்திருக்கும் இயேசுவுக்கு அவர்கள் மொழியில் 'ரூப்பின்தொயேலிஸ்' என்று பெயர். கவலைப்படுதல், பிறர்மேல் அக்கறை கொள்ளுதல் ஆகிய இரண்டையும் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. ஊர்ப்புறச் சாலைகளில், சிறு கூரை வேய்ந்த மரத்தூண்களில், பனியிலும் மழையிலும் அவர் அமர்ந்திருக்கிறார். இவற்றைச் செதுக்கியவர்களில் பலர் எந்தக் கலைப்பள்ளியிலும் படிக்காத கிராமத்துக் கைவினைஞர்கள். அதனால்தானோ என்னவோ, அந்த முகம் களைத்துப்போன ஓர் உழவரின் முகம்போலவே இருக்கிறது.

இயேசு இப்படி அமர்ந்ததாக நற்செய்தியாளர்கள் எழுதவில்லை. கல்வாரியில் ஆடை களையப்பட்டு, சிலுவை ஆயத்தமாகும்வரை அவர் காத்திருந்த நேரத்தை மக்களின் பக்தி தியானித்துப் பார்த்தது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரும் 1511-இல் வெளியிட்ட திருப்பாடுகள் படத்தொகுப்பின் முகப்பில் இதே கோலத்தைத்தான் வரைந்தார். ஆனால் அதைத் தங்கள் வீட்டு வேலியோரம்வரை கொண்டுவந்தவர்கள் ஏழை உழவர்கள்.

ஏன்? அவர்கள் வாழ்வில் அந்தக் காத்திருப்பு நிறைய இருந்தது. 1863-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின், வழியோரங்களில் சிலுவை நடுவதற்கு ரஷ்யப் பேரரசு தடை விதித்தது. 1941 முதல் சோவியத் ஆட்சியில் பல்லாயிரம் பேர் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். ஆனாலும் சிலுவை செதுக்கும் கைகள் ஓயவில்லை. அந்தக் கலையை 2001-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

அன்பானவர்களே, துக்க வீட்டுக்குப் போகும்போது நாம் என்ன சொல்கிறோம்? "அழாதீங்க, விசுவாசமா இருங்க" என்கிறோம். கலங்கி உட்கார்வதே விசுவாசக் குறைவு என்பதுபோலப் பேசிவிடுகிறோம். கன்னத்தில் இருக்கும் கையைத் தட்டிவிடுவதுதான் ஆறுதல் என்று நினைக்கிறோம். ஆனால் நம் வலுவின்மையைக் கண்டு இரக்கம் காட்டும் தலைமைக் குருவே நமக்கு இருக்கிறார் என்கிறது எபிரேயர் திருமுகம். இந்த மரச்சிற்பமும் அதையே சொல்கிறது. இவர் எழுந்திரு என்று அதட்டுவதில்லை, நம்மோடு உட்கார்ந்திருக்கிறார்.

இந்த வாரம் நம் தெருவில் யாராவது கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தால், அறிவுரையோடு போகவேண்டாம். பக்கத்தில் போய்ச் சற்றுநேரம் உட்காருவோம். ஆண்டவர் அங்கே நமக்கு முன்பே அமர்ந்திருப்பார்.

கவலையுற்றோரின் துணையாகிய இயேசுவே, எங்களோடு தங்கியருளும். ஆமென்.