பந்தாடப் போகும் பிள்ளைக்கு என்ன குடிக்கக் கொடுப்பது?

போன சித்திரை மாதம் ஒரு சாயங்காலம். என் பதின்மூன்று வயது மகளைப் பக்கத்து வீட்டுப் பெண் கைத்தாங்கலாக அழைத்துக் கொண்டு வந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, நிற்கக்கூடத் தெம்பில்லை. "கிரவுண்டுல மயக்கம் போட்டு விழுந்துட்டா, ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். எனக்கு உயிரே போய்விட்டது.

என் மாமியாருக்கு இது போதாதா? "பொம்பளைப் பிள்ளைக்குக் கால்பந்து எதுக்குன்னு அன்னிக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்து விட்டார். மகளோ படுத்த படுக்கையிலிருந்தே, "நான் நிறுத்த மாட்டேன்மா" என்று அழுதாள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசியக் கோப்பையை ஜெயித்தது என்று படித்ததிலிருந்து அவளுக்கு அதே கனவு.

எங்கள் டாக்டரம்மா அவளைப் பரிசோதித்து விட்டு என்னிடம்தான் கேள்வி கேட்டார். "மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டா? அப்புறம் என்ன குடிச்சா?"

யோசித்துப் பார்த்தேன். பன்னிரண்டரைக்கு டிபன் பாக்ஸ். பயிற்சி நாலரையிலிருந்து ஆறரை வரை. நடுவில் ஒன்றும் கிடையாது! "தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்புறேனே, டாக்டர்" என்றேன். ஆனால் அந்தப் பாட்டில் தினமும் நிறைந்தபடியேதான் திரும்பி வரும். "வரும்போது பிடிச்சுட்டு வந்திருப்பா" என்று நானே நினைத்துக் கொள்வேன்.

அன்று இரவு மகள் மெதுவாகச் சொன்னாள். "தண்ணி குடிச்சா ஒன்னுக்கு வரும்மா. கிரவுண்டு பக்கத்துல இருக்கிற பாத்ரூம் பூட்டியே கிடக்கும். அதான் நாங்க யாருமே குடிக்கிறதில்லே."

நாங்க யாருமே! இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. அதற்கு என்ன செய்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், டாக்டரம்மா சொல்லிக் கொடுத்ததையும் நான் படித்துத் தெரிந்து கொண்டதையும் உங்களுக்குச் சொல்லி விடுகிறேன்.

வியர்வையில் போவது என்ன?

ஓடும்போது உடம்பு சூடேறுகிறது. அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் வியர்வை. அதில் தண்ணீரோடு உப்பும் போகிறது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் குறைந்தால் ஆட்டம் தளரும், தலை சுற்றும். நாற்பது கிலோ பெண்ணுக்கு அது வெறும் 800 கிராம்தான். வெயில் நாளில் இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு இது பெரிய விஷயமே இல்லை.

இன்னொன்று மாவுச்சத்து. நாம் சாப்பிடும் சோறு, இட்லியெல்லாம் சர்க்கரையாக மாறி, தசைகளில் கொஞ்சம் சேமிப்பாக இருக்கும். ஓடி, நின்று, மறுபடி பாய்ந்து ஓடும் கால்பந்து அந்தச் சேமிப்பை வேகமாகக் கரைத்து விடும். வெறும் வயிற்றோடு போகிற பிள்ளை இரண்டாம் பாதியில் நடக்க ஆரம்பிப்பது சோம்பேறித்தனத்தால் அல்ல!

மூன்றும் சேர்ந்தால்தான் பலன்

நம் சிறுகுடலில் சர்க்கரையும் உப்பும் கைகோத்துக் கொண்டு உள்ளே போகும்; போகும்போது தண்ணீரையும் இழுத்துக் கொண்டு போகும். பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் ரகசியம் இதுதான். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்துத்தான் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார்.

விளையாட்டுப் பானமும் இதே கதைதான். 1965-ல் அமெரிக்காவில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் டாக்டர் ராபர்ட் கேட் என்பவர், அங்கே ஆடும் வேறு வகைக் கால்பந்து அணிக்காக ஒரு பானம் தயாரித்தார். வாயில் வைக்க முடியவில்லையாம்! அவர் மனைவிதான், "எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பாருங்கள்" என்று யோசனை சொன்னாராம். அதுதான் பிற்பாடு 'கேடோரேட்' என்று உலகமெங்கும் விற்பனையானது. எலுமிச்சம்பழத்தின் அருமை நமக்குத் தெரியாததா?

வீட்டிலேயே செய்யலாம்

காய்ச்சி ஆறிய தண்ணீர்: 1 லிட்டர்
சர்க்கரை: 60 கிராம் (தலைதட்டி 5 மேஜைக்கரண்டி)
உப்பு: கால் தேக்கரண்டி (தலைதட்டி)
எலுமிச்சம்பழம்: 2

எல்லாவற்றையும் கரைத்து வடிகட்டி, பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருக்கும்படி கொடுத்தனுப்புங்கள். அன்றன்றைக்குச் செய்ததுதான் நல்லது. சர்க்கரைக்குப் பதில் அதே எடை வெல்லம் போட்டு, ஏலக்காய் தட்டினால் நம் பானகம்தான். அந்தக் கால் தேக்கரண்டி உப்பை மட்டும் மறக்காதீர்கள்.

"இனிப்பு கூட இருந்தா இன்னும் தெம்பு வருமே" என்று அள்ளிப் போட்டு விடாதீர்கள். சர்க்கரை நூற்றுக்கு எட்டு பங்கைத் தாண்டினால் பானம் வயிற்றிலேயே தங்கி, குமட்டலும் வலியும் வரும். கலர் சோடாக்களில் லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல்கூட இருப்பதுண்டு. ஆட்டத்தின் நடுவே அவை வேண்டாம். காப்பிச் சத்து கலந்த 'எனர்ஜி டிரிங்க்' குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2011-லேயே சொல்லிவிட்டது.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பானத்தைப் பேதிக்குக் கொடுக்கக் கூடாது. அதற்கு அளவு வேறு. லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி.

எப்போது, எவ்வளவு?

பயிற்சிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு: ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் அல்லது உப்புப் போட்ட நீர்மோர். கூடவே ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு இட்லி.

பயிற்சியின்போது: பதினைந்து, இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் அரை முதல் முக்கால் டம்ளர். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்கு வெறும் தண்ணீரே போதும். அதற்கு மேல் போனால், கடும் வெயிலானால் எலுமிச்சைப் பானம்.

முடிந்த பிறகு: முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றரை லிட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். இளநீரும் தரலாம், அதில் பொட்டாசியம் நிறைய உண்டு. ஆனால் வியர்வையில் அதிகம் போவது சோடியம். ஆகவே ராத்திரி உப்புப் போட்ட ரசம் சோறோ, சாம்பார் சோறோ அவசியம்.

சிறுநீர் எலுமிச்சைச் சாறு போல வெளிறி இருந்தால் சரி. டீ டிக்காஷன் மாதிரி இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

அளவுக்கு மீறி வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும். தாகத்தை அனுசரித்துக் குடித்தால் போதும். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள். வெயிலில் ஆடும் பிள்ளை உளறினாலோ, குழம்பிப் போய் நின்றாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ, நிழலுக்குத் தூக்கி வந்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

"ஆடும்போது தண்ணி குடிச்சா வயிறு கனக்கும்" என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2014 உலகக் கோப்பையில் வெயில் தாங்காமல் ஆட்டத்தையே நிறுத்தித் தண்ணீர் குடிக்க நேரம் கொடுத்தார்கள் என்று அவர்களிடம் பணிவாகச் சொல்லுங்கள்.

அந்தப் பூட்டு

எல்லாம் சரி, பாத்ரூம் பூட்டியிருந்தால் பானம் எப்படி உள்ளே போகும்? நாங்கள் ஐந்தாறு தாய்மார்கள் சேர்ந்து தலைமை ஆசிரியையைப் போய்ப் பார்த்தோம். முதலில், "சுத்தம் பண்ண ஆளில்லே" என்றார். நாங்கள் விடவில்லை. இப்போது சாவி வாட்ச்மேனிடம் ஏழு மணி வரை இருக்கிறது. சில நாள் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்!

மகள் மறுபடி ஆடப் போகிறாள். எலுமிச்சம்பழம் பிழிந்து வைப்பது யார் தெரியுமா? என் மாமியார்தான்! பாட்டில் காலியாக வருகிறதா என்று தினமும் வாசலிலேயே நின்று பார்க்கிறார்.

உங்கள் வீட்டுப் பாட்டில் எப்படித் திரும்பி வருகிறது? இன்றைக்கே கொஞ்சம் பாருங்கள்.