மயிலுக்கு விடுதலை தரும் வான்கோழி

நல்ல மூங்கில், கூரான முனை. இவை மட்டும் இருந்தால் அம்பாகிவிடாது. வாலில் இறகு இல்லாத அம்பு தள்ளாடிக் குறி தவறும். காற்றை எதிர்த்து வாலைப் பின்னுக்கு இழுத்து, அம்பை நேராகப் போகவைப்பது இறகுதான்.

எந்தப் பறவையின் இறகு என்பதில்தான் சிக்கல். பாலக்காட்டின் பறம்பிக்குளம் முதல் இடுக்கியின் சின்னாறு வரை காட்டுப் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றின் மீது கைவைக்க விடாது. மயிலைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பாலக்காட்டை அடுத்த சூலனூரில் மயிலுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது.

இங்கேதான் வான்கோழி கைகொடுக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இது இங்கே பண்ணைப் பறவை. கேரள அரசே கொல்லம் குரீப்புழையில் பண்ணை வைத்திருக்கிறது. கறிக்கு அறுத்தபின் கழிக்கப்படும் சிறகுகளில் நீண்ட, விறைப்பான இறகுகள் கிடைக்கும். தண்டைப் பிளந்து, மட்டமாகத் தேய்த்து, மூன்று இறகுகளைச் சம இடைவெளியில் ஒட்டி, இரு முனைகளையும் நூலால் இறுக்க வேண்டும். மூன்றும் இடது சிறகாகவோ, மூன்றும் வலது சிறகாகவோ இருப்பது கட்டாயம். கலந்தால் வளைவுகள் முரண்பட்டு அம்பின் சுழற்சி கெடும்.

1802இல் தலக்கல் சந்துவின் தலைமையில் வயநாட்டுக் குறிச்சியர்கள் வில்லும் அம்புமாகப் பனமரத்தில் ஆங்கிலேயப் படையை வீழ்த்தினார்கள். இன்று வேட்டைக்கு வில்லை எடுக்க முடியாது, விளையாட்டுக்கு எடுக்கலாம். அதற்குக் காட்டில் ஓர் உயிரையும் தொட வேண்டியதில்லை. கறிக்கடைக் குப்பையே போதும்.