அபேட்சகர் அம்மையாரைக் கேட்ட கேள்விகள்

தேர்தலுக்கு நிற்கும் ஆண்பிள்ளையிடம் ஊரார் அவருடைய படிப்பையும் தொழிலையும் பூர்வோத்தரத்தையும் விசாரித்து நிறுத்திக்கொள்வார்கள். நிற்பவர் ஸ்திரீயாக இருந்துவிட்டாலோ விசாரணை அடுக்களை வரையில் நீண்டுவிடும். 1964-ஆம் ஆண்டில் நியூயார்க் மாகாணச் சட்டசபைக்கு நின்ற ஷெர்லி சிசோம், அபேட்சக மனுவுக்கு வேண்டிய கையெழுத்துகளைத் திரட்டப் புரூக்ளின் குடியிருப்புகளில் குளிரில் அலைந்துகொண்டிருந்தபோது, எழுபது பிராயம் மதிக்கத்தக்க கறுப்பினப் பெரியவர் ஒருவர், புருஷனுக்குக் காலை ஆகாரம் ஆயிற்றா, வீட்டை ஒழுங்கு பண்ணியாயிற்றா, ஆண்கள் பார்க்க வேண்டிய காரியத்தில் உனக்கென்ன வேலை என்று அடுக்கடுக்காய்க் கேட்டாராம். தாம் சினம் கொள்ளாமல் நயமாகவே விடை சொன்னதாக அம்மையார் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கோபித்திருந்தாலும் குற்றமில்லை என்பதே என் கட்சி.

மறைக்க வேண்டிய பூர்வோத்தரம் ஒன்றும் அவருக்கு இல்லை. 1924-இல் புரூக்ளினில் பிறந்தவர். பார்படோஸ் தீவைச் சேர்ந்த தாயார் தையல் வேலையும் வீட்டு வேலையும் செய்ய, கயானாவில் பிறந்த தகப்பனார் தொழிற்சாலையில் கூலிக்கு உழைத்தார். குழந்தைப் பருவத்தில் சில வருஷங்கள் பார்படோஸில் பாட்டியிடம் வளர்ந்து, 1946-இல் புரூக்ளின் கல்லூரியில் பட்டம் பெற்று, பாலர் பள்ளி ஆசிரியையாக ஜீவனத்தைத் தொடங்கியவர் அவர். கட்சிப் பெரியவர்களின் தயவு மட்டுந்தான் இந்த ஜாதகத்தில் இல்லை.

அந்தக் குறையையே அவர் மூலதனமாக்கிக்கொண்டார். நீதிமன்றத் தீர்ப்புகளின் பயனாகத் தொகுதி எல்லைகள் திருத்தப்பட்டு, பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் வட்டாரத்துக் கறுப்பின மக்களுக்குத் தங்கள் பிரதிநிதியைக் காங்கிரஸுக்கு அனுப்பும் வாய்ப்பு 1968-இல் கிட்டியபோது, யாருக்கும் விலைபோகாதவர், எவர் ஏவலுக்கும் அடங்காதவர் என்பதையே தம் கோஷமாக வைத்து அம்மையார் நின்றார். எதிரே நின்ற ஜேம்ஸ் ஃபார்மரோ தேசம் அறிந்த சிவில் உரிமைத் தலைவர். 1961-இல் தென்மாகாணங்களுக்குச் சென்ற சுதந்திர யாத்திரைகளை முன்னின்று நடத்தியவர். அவர் தரப்பார் வாஷிங்டனில் ஓர் ஆண்குரல் ஒலிக்க வேண்டுமென்று பிரசாரம் செய்தார்கள். அவர் குடியிருந்தது மன்ஹாட்டனில். வேட்பாளர் அந்த மாகாணவாசியாக இருந்தால் போதும், தொகுதிவாசியாக இருக்க வேண்டியதில்லை என்பது அமெரிக்கச் சட்டமாதலால், அதில் சட்டப் பிசகு ஏதுமில்லை. ஆனாலும் நம் தெருக்காரர் யார் என்று ஜனங்கள் கேட்கத்தானே செய்வார்கள்!

பிரசாரத்தின் நடுவில் அம்மையாருக்குக் கட்டி ஒன்றை அகற்றச் சத்திரசிகிச்சை நடந்து, படுக்கையில் கிடக்க நேரிட்டது. ஆளைக் காணோமே என்று பேச்சு கிளம்பியதும், வைத்தியர் தடுத்தும் கேளாமல், இளைத்துப்போன இடுப்பில் உடை நழுவாதபடி ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, மாடிப்படி இறங்கி ஒலிபெருக்கி வண்டியில் ஏறிவிட்டார். போர்ட்டோரிக்கோ குடும்பங்களிடம் ஸ்பானிஷ் மொழியிலேயே பேசினார். வாக்காளர் பட்டியலில் பெண்களே ஆண்களைவிட மிகுதி என்பதை எதிர்த்தரப்பார் கவனிக்கத் தவறினாலும், அவர் தவறவில்லை; மாதர் சங்கங்கள்தோறும் சென்று ஆதரவு திரட்டினார்.

இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட வாக்குகளால் வென்று, காங்கிரஸில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண்மணி ஆனார். சபையோ அவரை விவசாயக் கமிட்டியில் போட்டது; தம் தொகுதியில் மரங்களைவிட மாஜி படைவீரர்களே அதிகம் என்று ஆட்சேபித்து, அவர்கள் நலனுக்கான கமிட்டிக்கு மாற்றம் வாங்கிக்கொண்டார்.