பட்டியலில் பெயர் இருக்கிறதா?

பீகாரில் ஒரு குடும்பம். கணவன் கொத்தனார். மனைவி வயல் கூலி. இரண்டு பிள்ளைகள். ஒரு நாள் கணவன் சாரத்திலிருந்து விழுகிறார். இடுப்பு எலும்பு முறிகிறது. "ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்கிறார் டாக்டர். ஆட்டை விற்கிறார்கள். வெள்ளிக் கொலுசை அடகு வைக்கிறார்கள். அதுவும் போதவில்லை. வட்டிக்கு வாங்குகிறார்கள். எலும்பு கூடிவிடுகிறது. கடன் தீரவில்லை. மூத்த பையன் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போகிறான்.

இப்படி நோயால் கடனாளி ஆகும் குடும்பங்கள் நம் நாட்டில் ஏராளம். அவர்களுக்காகத்தான் அரசு மருத்துவக் காப்பீடு வந்தது.

2008-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை சிகிச்சை. ஒரு குடும்பத்தில் 5 பேருக்கு மட்டும். ஆறாவது ஆளுக்கு நோய் வந்தால்? அதற்கு விடை இல்லை.

2018 செப்டம்பர் 23-இல் ராஞ்சியில் புதிய திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பெயர் ஆயுஷ்மான் பாரத். இதில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். எத்தனை பேர் என்ற கணக்கு இல்லை. வயது வரம்பும் இல்லை. முன்பே இருந்த நோய்க்கும் சிகிச்சை உண்டு. குடும்பம் ஒரு பைசாவும் கட்ட வேண்டாம். மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்து கொள்கின்றன. 5 லட்சத்தைக் கையில் தரமாட்டார்கள். மருத்துவமனைக்கே பணம் போய்விடும்.

சரி, யாருக்குக் கிடைக்கும்? இங்கேதான் சிக்கல் தொடங்கியது.

2011-இல் நாடு முழுவதும் வீடு வீடாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அந்தக் கணக்கை வைத்தே பட்டியல் போட்டார்கள். கிராமத்தில் ஒரே அறை உள்ள மண் வீட்டுக்காரர், நிலம் இல்லாத கூலிக்காரர், உழைக்கும் வயதில் ஆண் இல்லாமல் பெண்ணே நடத்தும் குடும்பம் என்று சிலவற்றைப் பார்த்தார்கள். நகரத்தில் தொழிலைப் பார்த்தார்கள். குப்பை பொறுக்குபவர், வீட்டு வேலை செய்பவர், தெருவில் கடை போடுபவர், ரிக்‌ஷா ஓட்டுபவர் ஆகியோர் வந்தார்கள். கிராமத்தில் வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தால், மோட்டார் சைக்கிள் இருந்தால் பெயர் விடுபட்டது.

2011-இல் மோட்டார் சைக்கிள் இருந்தது. மறு ஆண்டு அதை விற்றாகிவிட்டது. நிலமும் போய்விட்டது. ஆனால் பட்டியலில் அவர் இன்னும் வசதி உள்ளவர்தான்! ஏழையான பிறகும் பெயர் இல்லை. இது நியாயம் ஆகுமா?

2022-இல் இதைக் கொஞ்சம் மாற்றினார்கள். குடும்பங்களின் எண்ணிக்கை 10.74 கோடியிலிருந்து 12 கோடியாக உயர்ந்தது. பழைய பட்டியலில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாத இடங்களில், மாநில அரசுகள் வேறு பட்டியலைப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். அதனால் பல இடங்களில் ரேஷன் கார்டு உதவுகிறது. 2024-இல் ஆஷா பணியாளர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் உதவியாளர்களும் சேர்க்கப்பட்டார்கள். உணவுப் பொட்டலம் கொண்டு தருவது போன்ற வேலை செய்பவர்களையும் சேர்ப்பதாக 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

பெரிய மாற்றம் முதியவர்களுக்கு வந்தது. 2024 அக்டோபர் 29 முதல், 70 வயது ஆன எல்லாருக்கும் இந்தத் திட்டம் உண்டு. ஏழையா, பணக்காரரா என்று பார்ப்பதில்லை. ஏற்கெனவே திட்டத்தில் உள்ள குடும்பம் என்றால், வீட்டில் உள்ள முதியவர்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு 5 லட்சம். பேரனுக்கு ஆபரேஷன் செய்துவிட்டோமே, பாட்டிக்கு என்ன செய்வது என்று கலங்க வேண்டாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயதை ஆதார் அட்டையில்தான் பார்ப்பார்கள். நம் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த ஆண்டு தெரியாது. அட்டை எடுத்தபோது யாரோ ஒரு குத்துமதிப்பில் எழுதியிருப்பார்கள். தாத்தாவுக்கு வயது 73. அட்டையில் 66. அப்படியானால் அட்டை கிடைக்காது. முதலில் ஆதாரைத் திருத்த வேண்டும். நோய் வந்த பிறகு அலைவதை விட இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

பெயர் இருக்கிறதா என்று எப்படி அறிவது? 14555 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் 'ஆரோக்கிய மித்ரா' என்று ஓர் ஊழியர் இருப்பார். அவரையும் கேட்கலாம். ஆதாரும் ரேஷன் கார்டும் கொண்டு போக வேண்டும். ஆயுஷ்மான் அட்டை இலவசம். அதற்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்கக் கூடாது.

காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பினால் இந்தத் திட்டம் உதவாது. மருத்துவமனையில் சேர்ந்தால்தான் உதவும். சேர்ந்த பிறகு மருந்து, பரிசோதனை, சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். சேர்வதற்கு முந்தின 3 நாள் செலவும், வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்தும் சேரும். "இந்த மருந்தை வெளியே வாங்கி வா" என்று சொன்னால் அதே 14555-இல் புகார் செய்யலாம்.

வெளி மாநிலத்துக்குப் பிழைக்கப் போனவர்களுக்கும் இது பொருந்தும். சூரத்தில் கட்டட வேலை செய்யும் பீகார்க்காரர் அங்கேயே, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் படுத்துக்கொள்ளலாம். ஆபரேஷனுக்காக முறிந்த எலும்போடு ரயில் ஏறி ஊருக்கு வர வேண்டியதில்லை.